தேநீர் உபாசகர் சென் ரிக்கியூ சரிதம்

ஒரு மனிதன் எத்தகையவன் என்பதை அவன் வணங்கும் இடத்தில் அறிதல் அரிது. அவன் உண்ணும் இடத்தில் அறிதல் எளிது. யாரோடு அமர்ந்து உண்கிறான், யாரை வாயிலிலேயே நிறுத்துகிறான், யார் வாய் வைத்த பாத்திரத்தில் தானும் வாய் வைக்கிறான் என்னும் மூன்றையும் கண்டுகொண்டால் அவனுடைய சமயம் இன்னதென்பது தானே விளங்கிவிடும். இவ்வுண்மையை நமக்கு உணர்த்தவல்ல பெரியோர் ஒருவருடைய சரிதத்தை ஈண்டுச் சொல்லப் புகுகின்றோம். அவர் ஜப்பான் தேசத்தவர். மறைந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாயின. மீன் வணிகர் வீட்டில் பிறந்தவர். அரசாண்டவனுக்குத் தேநீர் கலந்து கொடுத்தவர். அவன் ஆணையாலேயே உயிர் துறந்தவர். அவர் பெயர் சென் நோ ரிக்கியூ என்பதாம்.

இச்சரிதம் நம்மை வந்தடைந்த வகை

சில மாதங்களுக்கு முன் தம்மப் பிரசங்கத்தின் பொருட்டு ஐதராபாத் நகரம் சென்றிருந்தோம். அதனை அடுத்த செகந்தராபாத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அவர்களுள் நம் மார்க்கத்தைத் தழுவிய சிலர் நம்மை உசேன் சாகர் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றனர். ஏரியின் நடுவே ஒரே கல்லில் வடித்த பகவன் புத்தரின் திருவுருவம் நிற்கின்றது. 1990ஆம் ஆண்டில் அதனை மிதவையில் ஏற்றிச் சென்றபோது மிதவை சரிந்து, உடன் சென்ற பணியாளர் பலர் மாண்டனர். சிலையும் நீருள் மூழ்கிற்று. ஈராண்டுகளுக்கு மேல் ஏரியடியில் கிடந்து, பின் மீட்கப்பெற்று, 1992 டிசம்பர் 1ஆம் நாள் அங்கே நிலைநிறுத்தப்பட்டது. அப்பணியாளரை நினைந்து சற்று நேரம் மௌனமாக நின்றோம்.

நம்முடன் வந்தோருள் ஓர் இளைஞர், ஜப்பானிய உணவு சமைத்துப் பரிமாறும் உணவகம் ஒன்றில் சமையல் வேலை பார்ப்பவர். மறுநாள் தமக்கு விடுமுறை என்றும், தாம் வேலை செய்யும் இடத்திலேயே நம்மை விருந்தினராக அமர்த்தி உபசரிக்க வேண்டுமென்பது தம் நெடுநாள் ஆசை என்றும் அவர் வேண்டிக்கொண்டார். அத்தகைய விருந்து நம் போன்றோர்க்கு உரியதன்று என மறுத்தோம். அவருடைய முகம் வாடக் கண்டு இசைந்தோம்.

அவ்விருந்தின் முறை நமக்குப் புதுமையாக இருந்தது. நம் நாட்டில் வாழை இலையில் எல்லாவற்றையும் ஒருங்கே படைத்துவிடுவோம். அங்கே அவ்வாறில்லை. முதலில் ஒரு சிறு கிண்ணத்தில் இரண்டு வாய் அளவு காய். அது முடிந்தபின் மூடியிட்ட கிண்ணத்தில் தெளிந்த சாறு. பின்னர் வேகவைத்தது, அதன்பின் சுட்டது, அடுத்துப் புளிக்காடியிற் கலந்தது என ஒன்று போன பின்னரே மற்றொன்று வந்தது. நாம் புலால் தவிர்த்தவராதலின், மீனுக்கு மாறாகக் கடற்பாசியும் உலர்ந்த காளானும் ஊறவைத்த நீரில் சாறு இறக்கியிருந்தனர். கடைசியில்தான் சோறும், சோயா விழுது கரைத்த சாறும், ஊறுகாயும் வந்தன. வந்தவை யாவும் அளவிற் சிறியவை. எனினும், உண்டு எழுந்தபோது வயிறு குறையென்று சொல்லவில்லை.

முடிவில் பச்சைத் தேயிலையை மாவாக அரைத்து, வெந்நீரில் மூங்கில் மத்தால் அடித்த தேநீரை ஆளுக்கொரு கிண்ணத்தில் தந்தனர். அப்போது அவ்விளைஞர், பழைய முறைப்படி நடத்தும் விருந்தில் கெட்டியான தேநீரை ஒரே கிண்ணத்தில் கலந்து வைப்பார்கள் என்றும், வந்திருப்போர் அனைவரும் அந்த ஒரு கிண்ணத்திலேயே ஒருவர்பின் ஒருவராக வாய் வைத்துப் பருகுவார்கள் என்றும், இந்த வழக்கத்தை வேரூன்றச் செய்தவர் ரிக்கியூ என்னும் உபாசகர் என்றும் கூறினார்.

அன்பர்களே, அதனைக் கேட்டதும் நாம் சிறிது நேரம் பேச்சற்றிருந்தோம். நாம் பிறந்த கிராமத்துத் தேநீர்க் கடையில் நம் தந்தையாருக்கென்று ஒரு குவளை கூரைச் செருகலில் தனியே கிடந்தது. அதனை அவரே எடுத்து, அவரே கழுவி, கீழே வைத்து, மேலிருந்து ஊற்றப்பெற்ற தேநீரைத் தெருவில் குந்திக் குடிப்பார். பத்து வயதில் நாமும் அவ்வாறே குடித்தோம். பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்த பின்னரே, பிறர் குடித்த குவளையில் நாமும், நாம் குடித்த குவளையில் பிறரும் குடிக்கக் கண்டோம். இரட்டைக் குவளை கண்ட நமக்கு ஒற்றைக் கிண்ணத்தின் பெருமை சொல்லாமலே விளங்கும் அன்றோ! அன்று தொட்டு அவ்வுபாசகரின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானோம். அதனைச் சுருக்கித் தருகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

ஒசாகா நகருக்கு அருகில் சகாய் என்னும் துறைமுகப் பட்டினம் உள்ளது. அக்காலத்தில் அப்பட்டினத்து வணிகர்கள் தங்கள் ஊரைத் தாங்களே நிருவகித்து வந்தனர். அங்கே 1522ஆம் ஆண்டில் மீன் மொத்த வணிகம் செய்த தனக்கா குடும்பத்தில் நம் சரித நாயகர் பிறந்தார். அந்நாளைய ஜப்பானில் போர்வீரர் உயர்ந்தோர். வணிகர் எவ்வளவு பொருள் படைத்தவராயினும் மதிப்பில் தாழ்ந்தோரே. இளமையிலேயே தந்தையை இழந்த அவர், வணிகச் சுமையைத் தாங்கிக்கொண்டே தேநீர்க் கலையைக் கற்றார்; முதலில் கித்தமுக்கி தோச்சின் என்பவரிடமும், பின்னர் தக்கேனோ ஜோஓ என்பவரிடமும் மாணவராயிருந்தார்.

தேநீர் கலப்பதற்கு ஒரு கலையும் ஆசிரியரும் வேண்டுமோ என்று சிலர் வினவக்கூடும். அதன் மூலத்தை அறிந்தால் ஐயம் நீங்கும். ஜப்பானில் தேநீர் முதலில் விகாரைகளின் பானம். 1191ஆம் ஆண்டில் சீனத்திலிருந்து திரும்பிய எய்சாய் என்னும் பிக்கு தேயிலை விதையையும் தியான மார்க்கத்தையும் உடன் கொணர்ந்தார் என்பர். தியானத்தில் உறக்கம் வாராதிருக்கப் பிக்குகள் தேநீர் அருந்தினர். அந்தத் தியான மார்க்கமே ஜென் எனப்படுவது. அதன் முதல் ஆசானாகிய போதிதருமர் நம் காஞ்சியிலிருந்து சீனம் சென்றவர் என்பது நம்மவர் போற்றும் மரபு.

அம்மார்க்கத்தில் சமையலுக்கும் உயர்ந்த இடம் உண்டு. 1223ஆம் ஆண்டில் தோகென் என்னும் இளம் பிக்கு ஜப்பானிலிருந்து சீனத் துறைமுகத்தை அடைந்தபோது, அவர் தங்கியிருந்த மரக்கலத்திற்கு முதிய பிக்கு ஒருவர் காளான் வாங்க வந்தார். அவர் ஒரு விகாரையின் சமையற்காரர். இவ்வளவு முதுமையில் தியானத்தையும் நூற்கல்வியையும் விட்டு அடுப்படியில் உழல்வானேன் என்று தோகென் வினவ, தியானம் இன்னதென்பதே இவ்விளைஞருக்கு இன்னும் தெரியவில்லை என அம்முதியவர் நகைத்துச் சென்றாராம். அந்நகைப்பு தோகெனின் அகக்கண்ணைத் திறந்தது. பின்னாளில், 1237ஆம் ஆண்டில், சமையற்காரரின் கடமையைக் குறித்து அவர் ஒரு நூலே இயற்றினார். அரிசி களைவதும் பாத்திரம் துலக்குவதும் தம்மமே என்பது அவர் கொள்கை. நம் வீட்டுத் தாய்மார்களும் உணவகங்களில் உழைக்கும் நம் பிள்ளைகளும் இதனை நெஞ்சில் இருத்துவார்களாக.

இவ்வழி வந்த ஜென் விகாரைகளுள் கியோத்தோ நகரத்துத் தைத்தோகுஜி பெயர் பெற்றது. நம் சரித நாயகர் அவ்விகாரையின் வழியில் பயின்று, சோயெக்கி என்னும் பௌத்தப் பெயரும் பெற்றார். அவர் பிக்குவாகவில்லை, கடைசிவரை இல்லறத்திலிருந்த உபாசகராகவே வாழ்ந்தார்.

அரசர் அவையில்

அக்காலம் ஜப்பான் முழுவதும் உள்நாட்டுப் போர் மலிந்த காலம். ஓதா நோபுனாகா என்னும் படைத்தலைவன் பல சிற்றரசரை அடக்கி, சகாய்ப் பட்டினத்தையும் தன்வசப்படுத்தினான். அவ்வூர் வணிகருள் தேநீர்க் கலையில் தேர்ந்த மூவரைத் தன் தேநீர் ஆசிரியராக அமர்த்திக் கொண்டான். அவர்களுள் ஒருவர் நம் நாயகர். 1575ஆம் ஆண்டில் அவர் அப்படைத்தலைவனுக்குத் துப்பாக்கிக் குண்டுகள் அனுப்பியதும் வரலாற்றில் பதிந்துள்ளது. கொல்லாமையை முதற் சீலமாகக் கொண்ட நாம் இதனை மறைத்துப் பேசுதல் தகாது. பெரியோரின் சரிதத்தைச் சொல்வது அவரைத் தெய்வமாக்குவதற்கன்று. அதிகாரத்தை அண்டி வாழ்ந்தோர்க்கு அதன் கறை படாதிருத்தல் அரிது என்பதே இதனால் நாம் கொள்ள வேண்டிய பாடம்.

1582ஆம் ஆண்டில் நோபுனாகா தன் தளபதி ஒருவனால் வஞ்சிக்கப்பட்டு மாண்டான். அவனுக்குப் பின் ஆட்சியைக் கைக்கொண்டவன் தோயோத்தோமி ஹிதேயோஷி. இவன் எளிய குடியிற் பிறந்து, ஏவலாளனாகத் தொடங்கி, தன் திறமையால் நாட்டுத் தலைவனாக உயர்ந்தவன். தாழ்விலிருந்து உயர்ந்தவன் தாழ்ந்தோரை நினைப்பான் என்று நாம் எதிர்பார்க்கின்றோம். உலகில் எப்போதும் அவ்வாறு நடப்பதில்லை.

1585ஆம் ஆண்டில் ஹிதேயோஷி அரண்மனையில் பேரரசருக்குத் தேநீர் விருந்தளிக்க எண்ணினான். உடனிருந்து நடத்த நம் நாயகர் வேண்டும். ஆனால், வணிகர் ஒருவர் வணிகராகவே அரண்மனைக்குள் புக முடியாது. ஆகவே, உலகப் பற்றொழிந்த உபாசகர் என்னும் நிலையில் ரிக்கியூ என்ற பெயர் அவருக்கு அரசவையால் வழங்கப்பட்டது. அவருடைய கைக்கு உள்ளே வேலையிருந்தது. அவருடைய பிறப்புக்கு உள்ளே இடமில்லை. பெயரை மாற்றிய பின்னரே வாயில் திறந்தது. இன்று உலகம் அவரை அறிவது அப்பெயராலேயே.

தாழ்ந்த வாயில்

இனி, ரிக்கியூ செய்த மாறுதல்கள் எவை என்று பார்ப்போம். அவருக்கு முற்பட்ட காலத்தில் பிரபுக்களின் விருந்தென்றால் தட்டத்தின்மேல் தட்டமாகப் பண்டங்கள் அடுக்கப்படும். உண்பதற்கு வைத்தவற்றினும் பார்ப்பதற்கு வைத்தவை மிகுதி. விலையுயர்ந்த சீனக் கலங்களைக் காட்டிப் பெருமை கொள்ளுதல் தேநீர் விருந்தின் நோக்கமாயிருந்தது. முன்னோர் சிலர் எளிமையை நாடினர். ரிக்கியூ அதனை முற்றுவித்தார்.

யாமசாக்கி என்னும் இடத்திலுள்ள தையான் என்ற தேநீர்க் குடில் அவர் அமைத்ததாகப் போற்றப்படுகிறது. அது இன்றும் உள்ளது. ஜப்பானின் தேசியச் செல்வங்களுள் ஒன்று. அதன் உட்பரப்பு இரண்டு பாய் விரிக்கும் அளவே. அதாவது ஏறக்குறைய ஆறடிக்கு ஆறடி. சுவர் மண்ணாலும் வைக்கோலாலும் ஆனது. அதனுள் புகும் வாயிலோ ஏறத்தாழ இரண்டரை அடி உயரமும் இரண்டரை அடி அகலமுமே உடையது. நின்றபடி யாரும் நுழைய இயலாது. குனிந்து, முழந்தாளிட்டு, தவழ்ந்தே புக வேண்டும். இடையில் நீண்ட வாளைச் செருகிக்கொண்டு நுழைவதும் இயலாது. தேநீர்க் குடில்களில் அதனை வெளியே வைப்பதற்கென்றே ஒரு தாங்கி அமைப்பர். நாட்டையாள்பவனும் வாளைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்தே உள்ளே வர வேண்டும். வணிகனும் அவ்வாறே வர வேண்டும். உள்ளே வந்தபின் இருவரும் ஒரே பாயில் முழங்கால் மடித்து அமர வேண்டும்.

இதனைப் படித்தபோது நமக்கு உபாலி தேரரின் நினைவு வந்தது. சாக்கிய அரசகுமாரர் அறுவர் சங்கத்தில் சேர வந்தபோது, தங்கள் நாவிதராகிய உபாலிக்கு முதலில் துறவு தருமாறு பகவனை வேண்டினர். பின் சேர்ந்தவர் முன் சேர்ந்தவரை வணங்க வேண்டுமென்பது சங்கத்தின் விதி. தங்கள் குலச் செருக்குத் தாழ வேண்டுமென்றே அவர்கள் அவ்வாறு வேண்டினர். பகவன் ஒரு விதியால் செய்ததை, ரிக்கியூ ஒரு தச்சனின் அளவுகோலால் செய்தார் என்று சொல்லலாம்.

உணவும் கிண்ணமும்

ரிக்கியூவின் குடிலில் தேநீருக்கு முன் ஒரு சிற்றுணவு உண்டு. சோறு, ஒரு சாறு, இரண்டு அல்லது மூன்று கறிகள், அவ்வளவே. அவருடைய கடைசிக் காலத்து விருந்துகளைப் பற்றிய பழங்குறிப்புகள் கிடைத்துள்ளன. அவற்றிலும் இந்த எளிமையே காணப்படுகின்றது. இன்று உலகெங்கும் பெரிய உணவகங்களில் கைசெக்கி என்ற பெயரால் வழங்கும் பல வரிசை விருந்துக்கு வேராக இருந்தவற்றுள் இச்சிற்றுணவும் ஒன்று. ஐதராபாத்தில் நாம் உண்டது அம்மரத்தின் ஒரு கிளை. கூடியமரும் இருக்கை என்ற பொருளில் முன்னர் எழுதப்பட்ட அச்சொல்லை, பின்வந்தோர் மடியிற் கட்டிய கல் என்னும் பொருள்படும் எழுத்துகளால் எழுதினர். நண்பகலுக்குப் பின் உண்ணாத பிக்குகள் பசி தாங்குதற்குச் சூடேற்றிய கல்லை மடியில் வைத்துக்கொண்டனர் என்பது அதற்குக் கூறும் கதை. பசியைச் சற்றே தணிக்குமளவு உணவு என்பது கருத்து. வயிற்றில் ஈரத்துணி கட்டிப் படுத்த தாய்மாரின் பிள்ளைகளாகிய நமக்கு இக்கல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

தேநீர் விருந்தின் உணவில், பண்டங்கள் முடிந்தபின் அடிப்பானையில் தீய்ந்த சோற்றைக் கலந்த வெந்நீரைத் தருவர். விருந்தினர் அந்நீரைத் தம் கிண்ணத்தில் ஊற்றி, ஊறுகாய்த் துண்டு கொண்டு துடைத்து, அந்நீரையும் பருகிவிடுவர். ஒரு பருக்கையும் வீணாகாது. இது விகாரை உணவின் முறையிலிருந்து வந்தது. பாத்திரத்தைத் தானே தூய்மை செய்தல் அங்கே துறவியின் ஒழுக்கம். நம் தந்தையாரும் தம் குவளையைத் தாமே கழுவினார்; அது அவர்மேல் சுமத்தப்பட்ட இழிவு. ஒரே செயல், யார் செய்கிறார், எதற்காகச் செய்கிறார் என்பதைப் பொறுத்து மேன்மையும் ஆகும், சிறுமையும் ஆகும்.

அதன்பின் வருவதே அந்த ஒற்றைக் கிண்ணம். முதல்வர் பருகி, தாம் வாய் வைத்த விளிம்பைத் துடைத்து அடுத்தவரிடம் தருவார். அவர் பருகி அதற்கடுத்தவரிடம் தருவார். பொன்னும் வெள்ளியும் அக்கிண்ணத்தில் இல்லை. ரிக்கியூ ஓடு சுடும் தொழிலாளியாகிய சோஜிரோ என்பவரைக் கொண்டு, சக்கரமின்றிக் கையாலேயே வனைந்த கறுப்பும் சிவப்புமான மண்கிண்ணங்களைச் செய்வித்தார். அவ்வாறே, கொரியா நாட்டிலிருந்து வந்த எளிய கிண்ணங்களும் தேநீர்க் குடில்களில் போற்றப்பட்டன. மூங்கிலை வெட்டிப் பூச்சாடியும் செய்தார் ரிக்கியூ. உழைப்பவன் கைபட்ட பொருளே அவர் கண்ணுக்கு அழகு.

அவர் எளிமையை மட்டுமன்று, மெய்ம்மையையும் வேண்டினார் என்பதற்கு ஒரு கதை வழங்குகின்றது. ஒரு குளிர்கால இரவில், மொரிகுச்சி என்னும் ஊரில் வாழ்ந்த எளிய தேநீர் அன்பர் ஒருவரின் இல்லத்திற்கு ரிக்கியூ முன்னறிவிப்பின்றிச் சென்றார். அவ்வன்பர் வியப்புடன் வரவேற்று, விளக்கேந்தித் தோட்டத்திற்குச் சென்று, நாரத்தை போன்ற கனி இரண்டைப் பறித்துவந்து, சோயா விழுதுடன் சேர்த்துப் பரிமாறினார். உள்ளதைக் கொண்டு உபசரிக்கும் அந்நேர்மையை ரிக்கியூ மிக மெச்சினார். அடுத்து, ஒசாகாவிலிருந்து வந்ததென்று உயர்ந்த மீன் பண்டம் ஒன்று வந்தது. அப்பண்டத்தைக் கண்டதும் இவர் தம் வருகையை முன்பே அறிந்து வாங்கி வைத்திருந்தார் என்பதும், முதலிற் காட்டிய வியப்பு நடிப்பென்பதும் ரிக்கியூவுக்குப் புலப்பட்டன. எவ்வளவு தடுத்தும் நில்லாமல் எழுந்து போய்விட்டாராம். இது சற்றுக் கடுமையே. ஆயினும், இல்லாததை இருப்பதுபோலக் காட்டி, கடன்பட்டு விருந்து வைக்கும் நம்மவர் இதனைச் சிந்திப்பது நலம்.

பொற்குடிலும் மண்குடிலும்

ஹிதேயோஷியின் உள்ளம் வேறு வழியில் சென்றது. அவன் எங்கும் எடுத்துச் செல்லத்தக்க தேநீர்க் குடில் ஒன்றைப் பொற்றகடு வேய்ந்து செய்வித்து, 1586ஆம் ஆண்டில் அரண்மனையிற் காட்சிக்கு வைத்தான். 1587ஆம் ஆண்டில் கித்தானோ என்னுமிடத்தில் மாபெரும் தேநீர்க் கூட்டம் ஒன்றை நடத்தினான். உழவர், வணிகர், ஏவலர் என எவரும் வரலாம். ஒரு பாத்திரமும் ஒரு கிண்ணமும் போதும். தேயிலைத் தூள் இல்லாதவர் வறுத்த தானிய மாவு கொணர்ந்தாலும் போதும் என்று அறிவிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான குடில்கள் எழுந்தன. தலைவனும் ரிக்கியூவும் தம் கையாலேயே தேநீர் அளித்தனர். பத்து நாள் நடக்க வேண்டிய கூட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. மேலோர் மனம் வைத்துத் திறந்த கதவு மேலோர் மனம் மாறியதும் மூடிக்கொள்ளும் என்பதற்கு இது சான்றாகும்.

முடிவு

1590ஆம் ஆண்டில் ரிக்கியூவின் மாணவராகிய யாமானோவே சோஜி என்பவரை ஹிதேயோஷி கொல்வித்தான். 1591ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரிக்கியூவுக்கு ஆதரவாயிருந்த ஹிதேயோஷியின் இளவல் ஹிதேனாகாவும் நோயால் மறைந்தான். அதன்பின் குற்றச்சாட்டுகள் எழுந்தன. தைத்தோகுஜியின் வாயிற் கோபுரத்திற்கு ரிக்கியூ பொருளுதவி செய்திருந்தார். நன்றியறிதலாக அதன் மேல்மாடத்தில் அவருடைய மரச்சிலை வைக்கப்பட்டிருந்தது. பாதரட்சை அணிந்த அச்சிலையின் காலடியில் நாட்டுத் தலைவனும் நடந்து செல்ல நேர்ந்தது என்பது ஒரு குற்றம்; தேநீர்க் கலங்களை மிகுவிலைக்கு விற்றார் என்பது மற்றொன்று. மெய்க்காரணம் எதுவென்று அறிஞர் இன்றளவும் வாதிட்டு வருகின்றனர்.

முதலில் அவர் சகாய்க்கு அனுப்பப்பட்டு வீட்டுக் காவலில் இருந்தார். அவர் படகேறிய துறையில் வழியனுப்பத் துணிந்து வந்தவர் மாணவர் இருவரே. எத்தனையோ பிரபுக்கள் அவர் கையால் தேநீர் பருகியவர்கள். ஆயினும் அரசன் சினம் கண்டு ஒதுங்கினர். மன்னிப்புக் கேட்டால் உயிர் பிழைக்கலாம் என்று சிலர் வேண்டியும் அவர் இணங்கவில்லை என்பர். மீண்டும் கியோத்தோவுக்கு அழைக்கப்பட்டு, 1591 ஏப்ரல் 21ஆம் நாள், தம் எழுபதாம் வயதில், ஆணைப்படி தம் வயிற்றைத் தாமே கிழித்து உயிர் நீத்தார். அவருடைய மரச்சிலையையும் ஒரு பாலத்தருகே கட்டி இழிவுபடுத்தினர். கடைசித் தேநீரை அளித்தபின் கலங்களை விருந்தினர்க்குக் கொடுத்துவிட்டுத் தாம் பருகிய கிண்ணத்தை மட்டும் உடைத்தார் என்றொரு கதையை ஒக்ககுரா ககுசோ என்பவர் 1906ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் தேநீர் நூலில் சொல்கின்றார்.

கிண்ணம் உடைந்தது, ஆனால் வழக்கம் உடையவில்லை. சில ஆண்டுகளில் அவர் குடும்பம் மீண்டும் தலையெடுத்தது. பேரராகிய சோத்தான் என்பவர் அரசர் அவையை நாடாமல் வறுமையிலேயே அக்கலையைக் காத்தார். அவர் புதல்வர் மூவரின் வழிவந்த மூன்று இல்லங்கள் இன்றளவும் கியோத்தோவில் அதனைக் கற்பித்து வருகின்றன. கொல்வித்த ஹிதேயோஷி 1598ஆம் ஆண்டில் மாண்டான். அவன் குலமும் 1615ஆம் ஆண்டில் அழிந்தது.

நாம் கொள்ள வேண்டியது

அன்பர்களே, இச்சரிதத்தை இவ்வளவோடு நிறுத்தினால் நாம் பாதி உண்மையே சொன்னவராவோம். ஜப்பானிலும் தீண்டாமை இருந்தது. தோல் பதனிடுவோர், விலங்கறுப்போர், பிணம் அகற்றுவோர் ஆகியோர் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருந்தனர். ரிக்கியூ மறைந்து இருநூற்றெண்பது ஆண்டுகள் கழித்து, 1871ஆம் ஆண்டில்தான் அவ்விழிவைச் சட்டம் நீக்கிற்று. சட்டம் நீக்கியும் வழக்கம் நீங்காமையால், அம்மக்களே 1922ஆம் ஆண்டில் கியோத்தோ நகரிற் கூடி, சுயிஹெய்ஷா என்னும் சமத்துவச் சங்கத்தை நிறுவினர். தேநீர்க் குடில்கள் நிறைந்த அதே கியோத்தோவில்! குடிலுக்குள் சுற்றிவந்த கிண்ணம் அதன் தாழ்ந்த வாயிலைக் கடந்து தெருவுக்கு வரவில்லை என்பதே இதன் பொருள்.

அவ்வைந்தாண்டு கழிந்து, 1927 மார்ச் 20ஆம் நாள் போதிசத்துவர் அம்பேத்கர் மகாத் நகரத்துப் பொதுக் குளத்தில் இறங்கி நீரள்ளிப் பருகினார். ஆயிரக்கணக்கானோர் அவரைப் பின்தொடர்ந்து பருகினர். அங்கே வாயிலும் இல்லை, கூரையும் இல்லை. மேலோர் குனிந்து உள்ளே வரட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. கிண்ணம் தெருவுக்கு வந்தது அன்றுதான்.

ஆகவே, ரிக்கியூவிடம் கற்க வேண்டியதைக் கற்போம். அவர் நிறுத்திய இடத்தில் நாமும் நில்லாதிருப்போம். நம் வீடுகளைப் பாருங்கள். நம்முள்ளும் ஒரு பிரிவார் மற்றொரு பிரிவாரின் வீட்டில் கை நனைக்கத் தயங்குவதை நாம் கண்டிருக்கின்றோம். துப்புரவுத் தொழில் செய்யும் அன்பர் விகாரைக்கு வந்தால், அவருக்குக் காகிதக் குவளையில் தேநீரும் மற்றவர்க்கு வெண்கலக் குவளையில் தேநீரும் தரக்கண்டு வெட்கினோம். இரட்டைக் குவளை கடையை விட்டு நம் வீட்டிற்குள் புகுந்துவிடுமானால், நாம் மதம் மாறியதன் பயன் என்னை?

ஐதராபாத்தில் அவ்விருந்து முடிந்தபின், இளைஞரை நம் அருகில் அமரச் சொன்னோம். தாம் வேலை செய்யும் கூடத்தில் விருந்தினர் இருக்கையில் அமர அவர் கூசினார். கையைப் பிடித்து அமர்த்தினோம். நம் கிண்ணத்தில் எஞ்சியிருந்த தேநீரை அவரிடம் நீட்டினோம். அவர் இரு கைகளாலும் அதனை வாங்கி, சற்றும் தயங்காமல் பருகினார். பின்னர் தம் கிண்ணத்தை நம்மிடம் தந்தார். அது கசந்தது, ஆயினும், அதனினும் இனிய தேநீரை நாம் வேறெங்கும் பருகியதில்லை.

அடுத்த பௌர்ணமிக் கூட்டத்தில், வரும் அன்பர் யாவரும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே வகைக் குவளையில் தேநீர் அருந்துவோமாக. அதனைக் கலந்து தரும் பணியை, சங்கத்தில் மூத்தவர் எவரோ அவரே ஏற்பாராக.

எல்லா உயிர்களும் இன்புறுக! சர்வ மங்களம்!